வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு எந்த மாதம் எந்தச் சத்து? முதல்முறை தாயாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்ணைப் பார்த்து எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நல்லா சாப்பிடும்மா." அன்போடு சொல்வதுதான். ஆனால் எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. வயிற்றுக்குள் வளரும் மூளை பத்து மாதமும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பதில்லை. முதல் மாதத்தில் ஒரு தட்டையான திசு மடிந்து குழலாக மூடிக்கொள்கிறது. அடுத்த மாதங்களில் நரம்பணுக்கள் கோடிக்கணக்கில் பிறந்து தத்தம் இடத்துக்கு நகர்கின்றன. கடைசி மூன்று மாதத்தில் அவை கிளைவிட்டு ஒன்றோடொன்று பிணைந்து, மேலே கொழுப்பு உறை போர்த்திக்கொள்ளத் தொடங்குகின்றன. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் நிற்கும் சத்து வேறு. வேலை முடிந்த பிறகு சத்து வந்து சேர்ந்தால் நடந்த குறையை அதனால் முழுதாகச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் இதை உணவுப் பட்டியலாக எழுதாமல், நாட்காட்டி போல மாதவாரியாக எழுதுகிறேன்.

ஏற்கெனவே ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று இருப்பவர்கள் முதல் பகுதியைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம். மூளையின் பெரிய வேலைகளில் பாதிக்கு மேல் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் மாதத்துக்கு நேராக வந்து அங்கிருந்து தொடங்குங்கள்.

முதல் படி: நாள் தள்ளிப்போகும் முன்பே ஃபோலிக் அமிலம்

மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல், கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதவிலக்கு வராமல் நாள் தள்ளிப்போனதை நீங்கள் கவனிக்கும்போதே கருவுக்கு இரண்டு வார வயது. "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று தள்ளி, வீட்டில் பரிசோதனை செய்து, டாக்டரிடம் நேரம் வாங்கிப் போவதற்குள் குழல் மூடியிருக்கும். அல்லது மூடாமல் போயிருக்கும். மேல் முனை மூடாவிட்டால் மூளையே உருவாகாது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் தண்டுவடம் வெளியே தெரிய, கால் வலுவிழந்து குழந்தை பிறக்கும்.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில், முன்பே இப்படி ஒரு குழந்தையைச் சுமந்த தாய்மார்களை வைத்து நடத்திய ஆய்வு 1991-ல் வெளிவந்தது. கரு தரிக்கும் முன்பிருந்தே நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களில், இந்தக் குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த மாதத்திலேயே, குறைந்தது கரு தரிக்க ஒரு மாதம் முன்பே, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கி மூன்றாம் மாதம் முடியும் வரை விடாமல் எடுங்கள். முன்பு இக்குறையோடு குழந்தை பிறந்திருந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ அளவு பத்து மடங்கு வரை கூடும். அதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். கீரையிலும் பயறிலும் ஃபோலேட் உண்டு, தினம் சாப்பிடுங்கள். ஆனால் வேகவைக்கும்போது ஒரு பங்கு அழிந்துபோகும், தண்ணீரை வடித்துக் கொட்டினால் இன்னொரு பங்கு போகும். இந்த ஒரு விஷயத்தில் கீரையை மட்டும் நம்பி மாத்திரையை விடாதீர்கள்.

இரண்டாம் படி: சமையலறை உப்பு ஜாடி

ஐந்து நிமிட வேலைதான், இன்றைக்கே செய்யலாம். உப்புப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். "அயோடின் கலந்தது" என்று அச்சிட்டிருக்கிறதா?

கருவின் தைராய்டு சுரப்பி மூன்றாம் மாதத்துக்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும். போதுமான அளவு சுரக்க ஐந்தாம் மாதம் ஆகிவிடும். அதுவரை நரம்பணுக்கள் இடம்பெயரத் தேவைப்படும் தைராய்டு சுரப்பு அம்மாவின் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். அம்மாவுக்கு அயோடின் இல்லையென்றால் இருவருக்கும் இல்லை.

நாள் என்பது எவ்வளவு கறாரானது என்பதை எனக்குப் புரியவைத்தது பப்புவா நியூ கினியின் ஜிமி பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு. அங்கே மண்ணிலும் நீரிலும் அயோடின் இல்லாததால், காது கேளாமல், பேச்சு வராமல், அறிவு வளர்ச்சியின்றிக் குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. 1966-ல் குடும்பம் விட்டுக் குடும்பமாக, ஒரு பாதிக்கு அயோடின் எண்ணெய் ஊசியும் மறுபாதிக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். அயோடின் பெறாத தாய்மாருக்குப் பிறந்த 534 குழந்தைகளில் 26 பேருக்கு அந்தக் குறை. பெற்றவர்களின் 498 குழந்தைகளில் 7 பேருக்குத்தான். அந்த 7 பேரில் 6 பேரின் அம்மா, ஊசி போடும் முன்பே கருவுற்றிருந்தார். சத்து வந்து சேர்ந்தது, ஆனால் நாள் கடந்த பிறகு வந்தது. நம் நாட்டில் இமயமலை அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி 1950-களில் தொடங்கிய உப்பு ஆய்வுதான், உப்பில் அயோடின் சேர்த்தாலே கழுத்துக் கழலை குறையும் என்று காட்டி, 1962-ல் நாடு தழுவிய திட்டத்துக்கு வழிவிட்டது.

லேசான குறைகூடப் பொருட்படுத்தத்தக்கது. பிரிட்டனில் பிரிஸ்டல் பகுதித் தாய்மார்களின் ஆய்வு 2013-ல் வந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அயோடின் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகள், எட்டு ஒன்பது வயதில் மொழித்திறனிலும் வாசிப்பிலும் பின்தங்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அவர்கள் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர்.

நம் வீடுகளில் மூன்று இடத்தில் தவறு நடக்கிறது. ஒன்று, "கடல் உப்புதானே, அதில் இல்லாத அயோடினா" என்ற நம்பிக்கை. உப்பளத்துக் கல்லுப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் மிக மிகச் சொற்பம். கல்லுப்புதான் பிடிக்கும் என்றால் அயோடின் கலந்த கல்லுப்பே கடையில் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு, உடம்புக்கு நல்லது என்று இந்துப்புக்கு மாறுவது. கர்ப்ப காலத்தில் அதை வைத்து மட்டும் சமைக்காதீர்கள். மூன்று, அடுப்புக்குப் பக்கத்தில் மூடியில்லாத ஜாடி. சூட்டிலும் ஈரத்திலும் அயோடின் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, அடுப்பை விட்டுத் தள்ளி வைத்து, சமையல் முடியும் நேரத்தில் உப்பைச் சேருங்கள்.

கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காக உப்பைக் கூட்ட வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும். பால், தயிர், முட்டை, கடல்மீன் மிச்சத்தை நிரப்பும். முதல் ரத்தப் பரிசோதனையிலேயே தைராய்டையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு மாத்திரை ஏற்கெனவே எடுப்பவராக இருந்தால், உண்டானது தெரிந்த உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

மசக்கை மாதங்கள்: எது உள்ளே நிற்கிறதோ அது

இந்த மாதங்களில் சத்துக் கணக்குப் பார்த்து அழ வேண்டாம். கரு இப்போது சிறியது, அதற்கு வேண்டிய மாவும் கொழுப்பும் கொஞ்சம்தான். கஞ்சி, மோர், இட்லி, ரஸ்க், எலுமிச்சைச் சாறு, எது வயிற்றில் தங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை. ஃபோலிக் மாத்திரை மட்டும் தவறக் கூடாது. காலையில் குமட்டினால் இரவில் போடுங்கள்.

ஆனால் தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி நாள்கணக்கில் போனால், சிறுநீர் கலங்கிக் குறைந்தால், உடம்பு எடை இறங்கிக்கொண்டே போனால் அது மசக்கை என்று படுத்திருக்கும் விஷயமல்ல. மருத்துவமனைக்குப் போங்கள். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவரின் உடம்பில் வைட்டமின் பி1 வறண்டிருக்கும். குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 ஊசி போட வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இது அம்மாவின் மூளையைக் காக்கும் கேள்வி.

இந்த மாதங்களில் விட வேண்டியவை: மது அடியோடு கூடாது, கொஞ்சம் என்ற பேச்சே இல்லை. டாக்டர் எழுதாத வைட்டமின் ஏ மாத்திரை வேண்டாம். ஆட்டு ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் முதல் மூன்று மாதம் ஈரலையும் ஒதுக்குங்கள்.

நாலாம் மாதத்திலிருந்து இரும்பு. இதில்தான் நாம் அதிகம் தோற்கிறோம்

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-ல் நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. இத்தனை மருத்துவமனையும் இத்தனை இலவச மாத்திரையும் உள்ள மாநிலத்தில் இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

என் நாத்தனார் முதல் பிள்ளையைச் சுமந்தபோது நடந்தது இது. அவள் பேசும்போது வாயில் ஏதோ நறநறவென்று கேட்கும். முந்தானை முனையில் ஒரு பிடி புழுங்கலரிசி முடிந்து வைத்திருப்பாள், நாள் முழுக்க இரண்டிரண்டாகப் போட்டு மென்றுகொண்டே இருப்பாள். "புள்ளதாச்சி ஆசை, விடு" என்றார்கள் வீட்டில். பச்சையரிசி, பல்பம், செங்கல் துண்டு, திருநீறு என்று தின்னத் தோன்றுவது பல நேரம் இரும்புக் குறையின் அறிகுறி. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.2. "மாத்திரை போடுறியா?" என்றால் "தெனம் போடுறேனே அண்ணி" என்றாள். பொய் இல்லை, போட்டுக்கொண்டுதான் இருந்தாள், சாயங்கால டீயோடு. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச விடாது. டீயை ஒதுக்கி, இரவு சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாறோடு போடவைத்தோம். ஆறு வாரத்தில் 9.9. அரிசி மெல்லும் ஆசை தானாக நின்றுபோனது.

இரும்பு ரத்தத்துக்குத்தானே, மூளைக்கு என்ன? இரும்பு போதாதபோது கருவின் உடம்பு, இருப்பதை முதலில் ரத்தச் சிவப்பணுக்களுக்குத்தான் ஒதுக்கும். மூளைக்கு அப்புறம்தான். குழந்தைக்கு ரத்தசோகை என்று பரிசோதனையில் தெரியும் முன்பே மூளை பட்டினி கிடக்கத் தொடங்கியிருக்கும். நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதி, நரம்பின் மேல் உறை போர்த்தும் வேலை, ஆர்வத்தையும் கவனத்தையும் நடத்தும் டோபமைன், மூன்றுக்கும் இரும்பு வேண்டும். மூன்றுமே கடைசி மாதங்களில் வேகமெடுக்கின்றன.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவர் மைக்கேல் ஜார்ஜியெஃப் குழுவினர், சர்க்கரை நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்த பச்சைக் குழந்தைகளின் தலையில் உணர்விகளைப் பொருத்தி, அம்மா குரலையும் வேற்றுப் பெண் குரலையும் மாறிமாறிக் கேட்கவிட்டார்கள். பத்து மாதம் வயிற்றிலிருந்து கேட்ட குரல், சாதாரணமாக மூளை அலையில் வித்தியாசம் தெரியும். இரும்புச் சேமிப்பு குறைவாகப் பிறந்த குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை. 2004-ல் வந்த ஆய்வு இது. இதைப் படித்த அன்றிலிருந்து, இரும்பு மாத்திரையைக் குப்பையில் போடும் பெண்ணை என்னால் சும்மா விட முடிவதில்லை. அலபாமாவில் 2002-ல் வந்த இன்னொரு ஆய்வில், பிறக்கும்போது தொப்புள்கொடி ரத்தத்தில் இரும்புச் சேமிப்பு மிகக் குறைவாக இருந்த பிள்ளைகள், ஐந்து வயதில் மொழியிலும் விரல் நுணுக்க வேலையிலும் பின்தங்கினார்கள். சொன்னதற்கு இணங்கி உட்கார்வதிலும் சிரமப்பட்டார்கள். "அடங்கவே மாட்டேங்கிறான்" என்று நாம் பிள்ளையைக் குறைசொல்லும் சில இடங்களில் பிள்ளையின் தப்பு எதுவும் இருக்காது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

நாலாம் மாதம் தொடங்கியதும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் (60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். டீ, காபி, பால் எதுவும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கூடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்கவே கூடாது. சுண்ணாம்பு மாத்திரை காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பு ராத்திரி படுக்கும் முன் என்று பிரித்துக்கொண்டால் மறக்காது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் தண்ணீர், கீரை, கொய்யா, வாழைத்தண்டு. அப்படியும் முடியவில்லை என்றால் மாத்திரையை நிறுத்தாமல் வேறு வகை கேளுங்கள்.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் மாத்திரையை இரண்டாக்குவார்கள். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால், "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பதை ஏற்காதீர்கள். பி12 குறைவா, தலசீமியா போன்ற பரம்பரைக் காரணமா, குடற்புழுவா என்று பார்த்து, தேவையானால் நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டும். பூச்சி மாத்திரையை மூன்று மாதத்துக்குப் பிறகுதான் கொடுப்பார்கள்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை, கடலை எல்லாம் நல்லவை; ஆனால் இவற்றிலுள்ள இரும்பில் ஒரு சிறு பங்கைத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் பங்கு கூடும். இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு ஆட்டுச் சுவரொட்டியை (மண்ணீரல்) போல் இரும்பு தருவது அரிது. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று. இரும்பு மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். நிறம் அப்பா அம்மாவின் மரபணுவில் இருக்கிறது. மாத்திரைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

சைவச் சாப்பாடு என்றால் பி12-ஐப் பாருங்கள்

பி12 எந்தக் காயிலும் கீரையிலும் பருப்பிலும் இல்லை. சைவர்களுக்குப் பாலும் தயிரும் மோரும்தான் வழி, அதுவும் பலருக்குப் போதவில்லை. புனேயில் நடந்த நீண்டகால ஆய்வில், கர்ப்பத்தில் பி12 மிகக் குறைவாக இருந்த தாய்மார்களின் பிள்ளைகள், ஒன்பது வயதில் கவனத்தை நிறுத்துவதிலும் உடனடி நினைவிலும் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகச் செய்தார்கள். முட்டைகூடச் சாப்பிடாதவர் என்றால் ரத்தத்தில் பி12 பார்த்து மாத்திரை தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபோலிக் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு இதை விட்டுவிட்டால் ரத்தம் சரியாக இருப்பது போலத் தோன்றலாம், நரம்பின் குறை உள்ளே தொடரும்.

எவ்வளவு சாப்பிடுவது?

"ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்பதும் சரியில்லை, "நிறையத் தின்னா புள்ள பெருசாகிப் பிரசவம் கஷ்டமாகும்" என்று சோற்றைக் குறைப்பதும் சரியில்லை. இரண்டாவது ஆபத்தானது. நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய முற்றுகையால் ஒரு ஆளுக்குக் கிடைத்த உணவு நாளுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கரு தரித்த பிள்ளைகள் வளர்ந்ததும், மனச்சிதைவு நோய் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வந்தது. பட்டாளத்துக்கு எடுக்கும்போது நடத்திய அறிவுத்திறன் தேர்வில் இதே தலைமுறைக்கு வித்தியாசம் தெரியவில்லை. கணக்கில் கெட்டிக்காரனாக இருப்பது வேறு, மனசு நிலையாக இருப்பது வேறு என்பதை நான் இங்கிருந்துதான் கற்றேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, நாலாம் மாதத்திலிருந்து கூடுதலாக வேண்டியது நாளுக்கு 350 கலோரி. இரண்டு இட்லி சாம்பார், ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால், அவ்வளவுதான். புரதம் கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் கூட வேண்டும். சோற்றைக் கூட்டுவதைவிடப் பருப்பு, சுண்டல், மீன், தயிர் பக்கம் கூட்டுங்கள். அங்கன்வாடிச் சத்துமாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைக்காமல் நீங்கள் சாப்பிடுங்கள்.

ஏழாம் மாதம் முதல்: மீன், முட்டை, சர்க்கரைப் பரிசோதனை

வளைகாப்பு வரும் மாதத்தில்தான் மூளையில் டி.எச்.ஏ. என்ற கொழுப்பு வேகமாகச் சேரத் தொடங்குகிறது. மத்தி, அயிலை, நெத்திலி வாரம் இரண்டு மூன்று முறை குழம்பாகச் சாப்பிடுங்கள். விலை குறைந்த மீன்தான் இங்கே சிறந்த மீன். சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், பிரசவம் ஆகும்வரை வேண்டாம். மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் பிள்ளை புத்திசாலியாகும் என்ற விளம்பரத்தை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களை வைத்து நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையால் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியில் ஏற்றம் தெரியவில்லை. மீனே தொடாதவர்கள் பாசி எண்ணெய் மாத்திரையை டாக்டரிடம் கேட்கலாம்.

முட்டையின் மஞ்சள் கருவில் கோலின் இருக்கிறது. நாளுக்கு 450 மில்லிகிராம் தேவை, இரண்டு முட்டை ஏறக்குறைய 300 தரும். மஞ்சளை எடுத்துப்போட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடும் பழக்கத்தைக் கர்ப்பத்தில் விட்டுவிடுங்கள்.

சர்க்கரைப் பரிசோதனையை முதல் வருகையிலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் செய்ய வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வர வேண்டாத இந்த எளிய முறையை முன்னெடுத்தவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷய்யா. பஸ் பிடித்து வரும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கருவுக்கு ஆக்ஸிஜன் தேவை கூடி, அதற்காகச் சிவப்பணு உற்பத்தி கூடி, இருக்கும் இரும்பெல்லாம் அங்கே போய்விடும். மூளைக்கு மறுபடியும் பட்டினி. மேலே சொன்ன அம்மா குரல் ஆய்வு இந்தக் குழந்தைகளிடம்தான் நடந்தது.

பிரசவ அறையில் கேட்க வேண்டிய ஒன்று

குழந்தை வெளியே வந்ததும் தொப்புள்கொடியை உடனே இடுக்கி போட்டு வெட்டாமல், ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து இறங்கும் ரத்தம் குழந்தைக்கு அடுத்த பல மாதங்களுக்கான இரும்புச் சேமிப்பு. குழந்தைக்கு உடனடி மூச்சுதவி தேவைப்பட்டால் பொறுக்க முடியாமல் போகலாம், அது மருத்துவர் முடிவு. ஒன்பதாம் மாதப் பரிசோதனையிலேயே இதைப் பேசி, கர்ப்பிணி அட்டையின் ஓரத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வலியில் இருக்கும்போது உங்களுக்கு ஞாபகம் வராது, அம்மாவிடமோ வீட்டுக்காரரிடமோ சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தலைமாட்டில் அந்த இரும்பு மாத்திரை அட்டை இருக்கட்டும். இன்னும் 180 நாள் போட வேண்டும்.